பாண்டான் லூப்பில் வானும் பூமியும்

குளிரறையில் இரவு ஷிஃப்ட்.
சாங்கியில் இறங்கிய பெட்டிகள் வேர்த்து நிற்கின்றன.
ஒன்றின் விலாவில் சிவப்பாக நான்கு எழுத்து:
天地無用.
ஹ்வீ லிங்கைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கையுறையால் துடைத்துச் சீனத்தில் படித்தாள்:
வானம். பூமி. பயனில்லை.
"தத்துவம் லா," என்றாள்,
"ஜப்பான்காரனுக்கு ஏதோ சோகம்."

வானமும் பூமியும் பயனில்லை என்றால்
மேல் ஏது, கீழ் ஏது?
இடம் கிடைத்தபடி அடுக்கினோம்.
விடிவதற்குள் பன்னிரண்டு பெட்டித் தோஃபு
கவிழ்ந்து உடைந்து தரையில் நீர் விட்டிருந்தது.

மேலாளர் நகாத்தானி திட்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
காலிப் பெட்டி ஒன்றை நிமிர்த்தினார்,
தலைகீழாக்கினார்,
இரு கைகளையும் மார்புக்கு முன் பெருக்கல் குறியாக வைத்தார்.
வானத்தைப் பூமியாக்காதே.
அவ்வளவுதான் செய்தி.

அன்று திரும்பும் வழியில் கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன்,
சீனப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகுவது.
எனக்கு நாற்பத்தாறு வயது.
கட்டத்துக்கு ஓர் எழுத்து.

முதலில் 生.
மீன் பெட்டியில் அது 'நாமா', வேகாதது.
பிறந்தநாள் என்ற சொல்லுக்குள் போனால் 'ஜோ'.
மாணவனுக்குள் 'செய்'.
பிழைத்திருக்க ஒரு குரல்,
புல்லும் தாடியும் முளைக்க இன்னொன்று.
புகுந்த வீட்டில் என்ன பெயரிட்டுக் கூப்பிட்டாலும்
ஏன் என்று கேட்காமல் வருகிறது.
நகாத்தானி விரல்விட்டு எண்ணிக்கொண்டே போய்
எட்டில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டார்.
"உங்கள் மொழியில் இந்தக் குழப்பம் இருக்காது."

இருக்காது என்றுதான் நானும் தலையாட்டினேன்.

பிறகு கையில் இருந்ததைப் பார்த்தேன்: பச்சை மீன்.
அதைக் கழுவப் பச்சைத் தண்ணீர்.
முதுகுவலி என்று குணாளன் லீவு போட்டது பச்சைப் பொய்.
இருபது வருடத்துக்கு முன், கேகே ஆஸ்பத்திரியில்
பச்சை உடம்போடு நான் கிடக்க
பக்கத்தில் ஒரு பச்சைக் குழந்தை.
இதில் எங்கே இருக்கிறது பச்சை?
ரம்புத்தான்போல் சிவந்து, தலை கொள்ளாத முடியோடு
கத்திக்கொண்டிருந்தாள் நறுமுகை.

எங்களிடமும் உண்டு என்று சொல்ல ஓடினேன்.
அவர் போனில் ஓசாக்காவிடம் குனிந்துகொண்டிருந்தார்.
சொல்லாமலே வந்துவிட்டேன்.

நேற்று ஸ்ட்ராபெரி வந்தது.
அட்டையில் பனித்தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண்,
அவள் காலடியில் 娘.
"அம்மா," என்று படித்தாள் ஹ்வீ லிங்,
"பழைய நாடகத்தில் மகன் மண்டியிட்டுக் கதறும்போது
கூப்பிடுவானே, அந்த அம்மா."
என் நோட்டில் 'முசுமே', மகள்.
பல் விழுந்த பிள்ளை எப்படி அம்மா ஆவாள் என்று
பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டோம்.
கைப்பேசி இருவரையும் சரி என்றது.
கடல் தாண்டிய ஏதோ ஒரு ராத்திரியில்
தாயும் மகளும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.
"இதைக் கவிழ்க்கலாமா, கூடாதா?" அவள் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
நாக்கு நுனியில் ஏதோ வந்து நின்றது.
ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்தது. போய்விட்டது.

புக்கிட் பாத்தோக், காலை ஏழு மணி.
பதினோராம் மாடியில் மின்தூக்கி திறக்க
எதிரே நறுமுகை,
ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டு.

"சாப்டியாம்மா?"
"ம். நீ சாப்டியாம்மா?"
"அப்புறம்மா."

மின்தூக்கிக் கதவு மூடியது.

கை விறைப்பு இன்னும் போகவில்லை.
நோட்டைத் திறந்து 娘 எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில் அம்மா என்று எழுதினேன்.
இடம் போதவில்லை.
'மா' தள்ளிப்போய்
அடுத்த கட்டத்தில் உட்கார்ந்தது.